முன்பல்லு உள்பக்கமா கடிக்குதா? எல்லா பல்லும் விழட்டும்னு காத்திருக்காதீங்க

எங்க பையனுக்கு இத நான் கண்டுபிடிச்சதே கொய்யாப்பழத்துல தான். ஏற்காட்டுல வீட்டுக்குப் பின்னாடி பறிச்ச பழம், அவன் கடிச்சு வச்ச தடத்துல ஒரு பல்லு மட்டும் வரிசைல இல்லாம உள்ள தள்ளி இருந்துச்சு. அப்போ அவனுக்கு 7 வயசு.

நீங்களும் பாருங்க. பிள்ளைய நேரா உக்கார வச்சு, எச்சில முழுங்க சொல்லி, கடவாப்பல்லு சேர்ற மாதிரி மெதுவா கடிக்க சொல்லி, உதட்ட தூக்கி டார்ச் அடிங்க. மேல் முன்பல்லு கீழ்ப்பல்ல லேசா மூடி வெளிய நிக்கணும், ஒண்ணு ரெண்டு உள்ள மாட்டியிருந்தா அதுதான் கிராஸ்பைட். கடிக்கும்போது பல்லு முட்டி தாடை முன்னாடி நழுவுதா, முட்டுற கீழ்ப்பல்லுல ஈறு இறங்கியிருக்கா, இது ரெண்டையும் பாத்து டாக்டர்கிட்ட சொல்லுங்க.

"பால் பல்லு எல்லாம் விழட்டும், 12 வயசுல கிளிப் போட்டுக்கலாம்"னு சொந்தக்காரங்க சொல்வாங்க. நெருக்கமா இருக்கிற பல்லுக்கு வேணா அது சரி, இதுக்கு சரியில்ல. ஒவ்வொரு கடிக்கும் பல்லு தேயும், ஈறு இறங்கும். தாடை எலும்பே காரணம்னா மேல்தாடைய முன்னாடி இழுக்க முகத்துல மாட்டுற கருவி, ஃபேஸ்மாஸ்க், வேணும், அது 10 வயசுக்குள்ள போட்டா தான் நல்லா கேக்கும். அதனால 7 வயசுல ஒரு தடவ ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட, அதாவது பல்வரிசைய சரி பண்ற டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சேலம் அரியானூர்ல பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கயும் விசாரிக்கலாம்.

பல்லு மட்டும் தான் பிரச்சனை, எடமும் இருக்குன்னா வேலை சுலபம். பாதி முளைச்ச பல்லுக்கு சில டாக்டருங்க ஐஸ் குச்சிய கடிச்சு தள்ளுற பயிற்சி கொடுப்பாங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க. எங்களுக்கு கழட்டி மாட்டுற பிளேட், பல்லுக்குப் பின்னாடி இசட் மாதிரி குட்டி ஸ்ப்ரிங், கடவாப்பல்லு மேல கொஞ்சம் உயரம் ஏத்தியிருந்தாங்க, அந்த உயரம் இருந்தா தான் மேல்பல்லு கீழ்ப்பல்ல தாண்டி வர வழி கிடைக்கும். 3 மாசத்துல பல்லு வெளிய வந்துடுச்சு.

மொத வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், பையன் அழுதான், பக்கத்துல உக்காந்து சத்தமா புத்தகம் படிக்க வச்சேன், நாலு நாள்ல சரியாச்சு. பிளேட்ட பச்சத்தண்ணில தான் கழுவணும், இங்க குளிருக்கு எப்பவும் வெந்நீர் தான் கைல இருக்கும், அதுல போட்டா பிளேட் வளைஞ்சிடும். பேப்பர்ல சுத்தி வச்சா ஸ்கூல்ல குப்பைக்கு போயிடும், டப்பா கொடுத்து விடுங்க. ஸ்ப்ரிங்க வீட்ல முறுக்காதீங்க. மொறுமொறுன்னு இருக்கிற தட்டுவடை செட்டுக்கு கொஞ்ச நாள் லீவு.

பல்லு தாண்டி வந்துட்டா கீழ்ப்பல்லே அத திரும்ப உள்ள போக விடாது, ஆனாலும் டாக்டர் சொல்ற வரைக்கும் பிளேட்ட நிறுத்தாதீங்க.