கோ புரோகிராமோடு சி ஃபைலைச் சேர்த்து கம்பைல் செய்வது: பில்ட் சேலத்தில், ஓடுவது ஏற்காட்டில்

செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையின் மேஜைத் தராசோ, ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் நிறுக்கும் மேடைத் தராசோ, சீரியல் போர்ட்டில் அது அனுப்பும் பைட்டுகளைப் பிரித்து, செக்சம் (பைட்டுகள் சிதையாமல் வந்தனவா என்று காட்டும் எண்) பார்த்து, எடையாக்கித் தரும் கோடு பெரும்பாலும் சி-யில்தான் கிடைக்கும். நூறு வரிக்குள் என்றால் கோ மொழியிலேயே திருப்பி எழுதிவிடுங்கள், தலைவலி மிச்சம். பெரிய ஃபைல் என்றாலோ, தராசு விற்றவர் அவ்வப்போது புதுப்பித்துத் தருகிறார் என்றாலோ சி கோடை கோ-வோடு இணைக்கும் சிகோ-தான் வழி. இங்கே பில்ட் செய்வது சேலத்து லேப்டாப்பில்; எஸ்டேட்டில் தராசோடு ஓடுவது 64 பிட் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில்.

முதல் தேவை ஜிசிசி என்ற சி கம்பைலர். உபுண்டு, டெபியனில் ‘பில்ட்-எசென்ஷியல்’ பேக்கேஜ் போதும். கோ 1.20 முதல், பாத்தில் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) சி கம்பைலர் இல்லாவிட்டால் சிகோ சத்தமில்லாமல் அணைந்துவிடும். அப்போது வரும் எரர் ஜிசிசியைப் பற்றி மூச்சே விடாது; ‘பில்ட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் எக்ஸ்க்ளூட் ஆல் கோ ஃபைல்ஸ்’ என்று வேறு எங்கோ கை காட்டும்.

தராசு.சி, தராசு.ஹெச் இரண்டையும் கோ ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். உள் ஃபோல்டரில் கிடக்கும் சி ஃபைலை ‘கோ பில்ட்’ எட்டிப் பார்க்காது. தனியாக வைத்தே ஆகவேண்டுமானால் அந்த ஃபோல்டரையே ஒரு பேக்கேஜ் ஆக்கி, உள்ளே சிகோ பயன்படுத்தும் ஒரு சின்ன கோ ஃபைலைப் போடுங்கள்.

அந்த கோ ஃபைலில் ‘#இன்க்ளூட் "தராசு.ஹெச்"’ என்பதை கமென்ட்டாக எழுதி, அடுத்த வரியிலேயே ‘இம்போர்ட் "சி"’ வரவேண்டும். நடுவே ஒரு காலி வரி விழுந்தாலும் அந்த கமென்ட் வெறும் கமென்ட்தான். ‘குட் நாட் டிடர்மின் கைண்ட் ஆஃப் நேம்’ என்ற எரர் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் காலி வரியை. சி ஃபைல் ‘பவ்’, ‘ஸ்கொயர்ரூட்’ மாதிரி கணித ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால், அதே கமென்ட்டில் ‘#சிகோ எல்டிஃப்ளாக்ஸ்: -எல்எம்’ என்று ஒரு வரி சேர்க்கவும்.

கம்பைல் செய்ய ‘கோ பில்ட் .’ கொடுங்கள். ‘கோ பில்ட் மெயின்.கோ’ என்று ஃபைல் பெயரைச் சொன்னால் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு சி ஃபைலை விட்டுவிடும். பிறகு லிங்க்கர் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று நிற்கும். ஃபைல் பெயரிலும் ஒரு வலை உண்டு. தராசு_ஆர்ம்.சி என்று வைத்தால் அது 32 பிட் ஆர்முக்கு மட்டுமே கம்பைல் ஆகும். லேப்டாப்பில் மட்டுமல்ல, 64 பிட் ராஸ்பெர்ரி பையிலும் விட்டுப்போகும். தராசோடு வந்த டெஸ்ட் ஃபைலில் ‘மெயின்’ ஃபங்ஷன் இருந்தால் அதை ஃபோல்டரை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

கோ ஸ்ட்ரிங்கை சி-க்காக நகலெடுக்கும் ‘சி.சிஸ்ட்ரிங்’ தரும் நினைவகத்தை, கோ-வின் கார்பேஜ் கலெக்டர் (தேவையற்ற நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் பகுதி) தொடாது. ‘எஸ்டிடிலிப்.ஹெச்’ இன்க்ளூட் செய்து ‘சி.ஃப்ரீ’ கூப்பிடுவது உங்கள் வேலை. நொடிக்கு 5 முறை தராசைக் கேட்டால் நாளுக்கு 4,32,000 அழைப்பு. ஒவ்வொன்றிலும் 32 பைட் சிந்தினாலே தினம் 13 எம்பிக்கு மேல் போகும். பைட் ஸ்லைஸைக் கொடுக்கும்போது முதல் உறுப்பின் முகவரியை ‘அன்சேஃப்.பாயின்டர்’ வழியாகத் தாருங்கள். ஸ்லைஸ் காலியாக இருந்தால் அங்கேயே பேனிக் ஆகும், நீளத்தை முன்பே பாருங்கள். ஃபங்ஷன் முடிந்த பிறகும் சி அந்த பாயின்டரை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே பைனரியைக் காப்பி செய்தால் எங்கும் ஓடும் என்பது கோ-வின் பெருமை. சி உள்ளே வந்ததும் அந்தப் பெருமை போய்விடும். இதை மறந்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், மேலே போய்த்தான் தெரியும்.

லேப்டாப்பில் ‘கோஆர்ச்=ஆர்ம்64’ மட்டும் வைத்தால் சிகோ தானாக அணையும், ஏனென்றால் கிராஸ் கம்பைலில் (வேறு வகைக் கணினிக்காக இங்கே கம்பைல் செய்வதில்) அதுதான் இயல்பு. ‘கோஓஎஸ்=லினக்ஸ்’, ‘சிகோ_எனேபிள்ட்=1’, ‘சிசி=ஏஆர்ச்64-லினக்ஸ்-ஜிஎன்யு-ஜிசிசி’ மூன்றும் கூடவே வேண்டும். அந்த கம்பைலரை ‘ஜிசிசி-ஏஆர்ச்64-லினக்ஸ்-ஜிஎன்யு’ பேக்கேஜாக நிறுவலாம். ‘சிசி’யை விட்டுவிட்டால் லேப்டாப்பின் ஜிசிசி ஆர்ம் அசெம்பிளியைப் படிக்கப் போய், ‘நோ சச் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று திரை நிறையக் கொட்டும்.

கம்பைல் ஆனாலும் வேலை முடியவில்லை. ஜிலிப்சி என்பது சி புரோகிராம்கள் ஓடும்போது நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி. உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, ராஸ்பெர்ரி பையில் டெபியன் 11 அடிப்படையிலான ஓஎஸ் இருந்தால் அங்கே 2.31. புதியதில் லிங்க் ஆன பைனரி பழையதில் ‘வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று கிளம்பவே கிளம்பாது. இரண்டு பக்கமும் ‘எல்டிடி --வெர்ஷன்’ போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் எண் பெரிதாக இருந்தால் டெபியன் 11 கன்டெய்னருக்குள் பில்ட் செய்யுங்கள், அல்லது ஸ்டேட்டிக்காக (லைப்ரரியையும் பைனரிக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்யுங்கள். தராசு மாதிரி சின்ன வேலைக்கு ஸ்டேட்டிக்கே மேல்: ‘-எல்டிஃப்ளாக்ஸ்’ உள்ளே ‘-லிங்க்மோட் எக்ஸ்டெர்னல் -எக்ஸ்ட்எல்டிஃப்ளாக்ஸ் -ஸ்டேட்டிக்’. எடையை நெட்வொர்க்கில் அனுப்புவதாக இருந்தால் ‘-டேக்ஸ் நெட்கோ,ஓஎஸ்யூசர்கோ’ சேருங்கள். இல்லாவிட்டால் ‘கெட்அட்ரின்ஃபோ’ பற்றி லிங்க்கர் எச்சரிக்கும்.

ராஸ்பெர்ரி பையிலேயே பில்ட் செய்வதும் நல்ல வழிதான், ஜிலிப்சி தகராறே வராது. எஸ்டேட்டில் சிக்னல் இல்லையென்றால் கீழேயே ‘கோ மாட் வெண்டர்’ செய்து, வெளி மாட்யூல்களின் காப்பியையும் எடுத்துப் போங்கள். ஆனால் கோ ஃபைல் இல்லாத உள் ஃபோல்டர்களை வெண்டர் காப்பி செய்யாது. வெளி மாட்யூல் ஒன்று தன் சி ஹெடர்களை அப்படி வைத்திருந்தால் அவை கீழேயே தங்கிவிடும்.

ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஹெடரைத் திருத்தினால் பில்ட் கேஷுக்குத் தெரியாது. ‘கோ பில்ட் -ஏ .’ கொடுக்கவும். டெஸ்ட் ஃபைலில் நேரடியாக ‘இம்போர்ட் "சி"’ எழுத முடியாது, கோ-வில் ஒரு உறை ஃபங்ஷன் எழுதி அதைச் சோதியுங்கள்.

பைனரி தயாரானதும் ‘ஃபைல்’ கமாண்டில் ‘ஆர்ம் ஏஆர்ச்64’, ‘ஸ்டேட்டிகலி லிங்க்ட்’ இரண்டும் தெரிகிறதா பாருங்கள். பிறகு தராசிலிருந்து முன்பே பிடித்து வைத்த பைட்டுகளை ஊட்டி, லேப்டாப்பிலேயே, ஆர்ம் பைனரியை ஓட்டிக் காட்டும் ‘க்யூஈஎம்யூ-ஏஆர்ச்64-ஸ்டேட்டிக்’ மூலம் ஓட்டிப் பாருங்கள். எடை சரியாக வந்தால் எஸ்டேட்டில் பார்க்க மீதி இருப்பது கேபிளும் பாட் ரேட்டும் (சீரியல் போர்ட்டின் வேகம்) தான்.