வீடற்றோருக்கு நகரம் ஒதுக்கும் பணம்: நாம் தப்பாகப் படிக்கும் இடங்கள்

நகர பட்ஜெட் வெளியாகும் நாளில் இரண்டு பேச்சு கிளம்பும். ‘இத்தனை கோடி கொட்டுகிறார்களே, இன்னும் ஏன் ஆட்கள் நடைபாதையில் படுத்திருக்கிறார்கள்?’ என்பது ஒன்று. ‘இத்தனை கோடி ஒதுக்கியாகிவிட்டது, இனி கவலையில்லை’ என்பது இன்னொன்று. இரண்டு பேரும் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அது எந்த வேலைக்கான பணம், எத்தனை காலத்துக்கு வரும் பணம், யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. உதாரணங்களைப் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களிலிருந்து எடுத்திருக்கிறேன். அங்கே இந்தப் பணம் வாக்கெடுப்புக்கும் தணிக்கைக்கும் போவதால் எல்லாமே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

ஏழு வருடப் பணத்தை ஒரு வருடப் பணமாக நினைப்பது

2023 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் வீட்டுவசதிக்காகச் சொத்து வரியில் ஒரு கூடுதல் வரியை ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் 97 கோடி டாலர். ஆனால் அது ஏழு வருடத்துக்கு. வகுத்துப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 14 கோடி டாலர்தான். ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் பெரிய எண்ணே வசதி என்பதால் வகுத்த எண் யார் வாயிலும் வராது.

இன்னொன்றும் நடக்கும். ஒரே பணத்தை வாக்கெடுப்பு முடிந்தபோது ஒரு தடவை அறிவிப்பார்கள், திட்டத்துக்கு ஒதுக்கும்போது ஒரு தடவை, அடிக்கல் நாட்டும்போது ஒரு தடவை. மூன்று செய்திகளையும் படித்தவர் மனதில் அது மூன்று மடங்காகிவிடும். எந்தத் தொகையைப் பார்த்தாலும் இது புதுப் பணமா, ஏற்கெனவே சொன்னதா என்று முதலில் பாருங்கள்.

கட்டும் பணமும் நடத்தும் பணமும் ஒன்று என்று நினைப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சலஸ் நகர வாக்காளர்கள் 2016இல் 120 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட அனுமதி தந்தார்கள். ‘மெஷர் எச்எச்எச்’ என்று பெயர். பத்து வருடத்தில் சுமார் 10,000 வீடுகள் என்பது வாக்குறுதி. கலிஃபோர்னியாவில் சொத்து வரியை ஈடாக வைத்து வாங்கும் இப்படிப்பட்ட கடனை நிலம், கட்டடம் வாங்கவும் கட்டவும் மேம்படுத்தவும்தான் செலவிடலாம். சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது.

ஆனால் பல வருடம் தெருவில் இருந்து, மனநோயோடோ போதைப் பழக்கத்தோடோ வருகிற ஒருவருக்குச் சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. மருந்து, மருத்துவச் சந்திப்பு, உதவித்தொகைக்கான விண்ணப்பம், பக்கத்து வீட்டோடு வரும் சண்டை, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் அடுத்த வருடம், 2017 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட வாக்காளர்கள் கால் சதவீத விற்பனை வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அது பத்து வருடத்துக்கு மட்டும். 2024இல் அதை எடுத்துவிட்டு, காலக்கெடு இல்லாத அரை சதவீத வரியைக் கொண்டுவந்தார்கள். இது போக, குடியிருப்பவர் கட்ட முடிகிற வாடகைக்கும் வீட்டை நடத்த ஆகும் செலவுக்கும் இடையில் விழுகிற பள்ளத்தை நிரப்ப மத்திய அரசின் வாடகை வவுச்சர் வேண்டும்.

ஆக ஒரே கட்டடத்துக்குச் செங்கல் நகரத்திடமிருந்து, பணியாளர் மாவட்டத்திடமிருந்து, மாத வாடகை மத்திய அரசிடமிருந்து. மூன்றில் ஒன்று தாமதமானாலும் கட்டடம் ஓடாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்த மாதிரி குடியிருப்புகளில் பல நூறு அறைகள் காலியாகக் கிடந்தன. அதே சமயம் வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அறையைச் செப்பனிட்டு, விண்ணப்பம், சான்றிதழ் வேலைகளை முடித்து, ஆளை உள்ளே அழைத்து வருவதும் செலவுதான் என்பது கட்டும்போது கணக்கில் வருவதில்லை.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட எல்லோரும் வருவார்கள். ஐந்தாவது வருடம் லிஃப்ட் பழுதானால் அந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அது யோசித்துப் போட்ட திட்டம். ‘அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு தடவை வந்த பணத்தில் மாதச் செலவை ஏற்றிக்கொள்வது

2021 மார்ச்சில் அமெரிக்க மத்திய அரசு கொரோனா மீட்புச் சட்டத்தின்கீழ் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 35,000 கோடி டாலர் தந்தது. 2024 முடிவதற்குள் எந்த வேலைக்கு என்று உறுதி செய்ய வேண்டும், 2026 முடிவதற்குள் செலவழித்து முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல நகரங்கள் இந்தப் பணத்தில் காப்பகங்களை நடத்தின, ஹோட்டல்களை வாடகைக்கு எடுத்தன, புதுப் பணியாளர்களைச் சேர்த்தன. பணம் தீர்ந்த பிறகும் ஆட்கள் அங்கேயேதான் இருப்பார்கள், சம்பளமும் மாதா மாதம் கொடுத்தாக வேண்டும்.

இதே சட்டம் 500 கோடி டாலரில் சுமார் 70,000 அவசர வாடகை வவுச்சர்களையும் தந்தது. திட்டம் 2030 வரை ஓடும் என்ற எதிர்பார்ப்பில் குடும்பங்கள் வீடு பிடித்தன. வாடகைகள் ஏறியதில் பணம் வேகமாகக் கரைந்து, 2026இலேயே தீர்ந்துவிடும் என்று 2025 மார்ச்சில் வீட்டுவசதித் துறை தெரிவித்தது. தப்பு வவுச்சரில் இல்லை. முடியும் தேதி எழுதியிருந்த பணத்தை நிரந்தர வருமானம்போல நடத்தியதில்தான் தப்பு. ஒரு தடவை வரும் பணத்தில் நிலம் வாங்கலாம், பழைய ஹோட்டலை வாங்கிக் குடியிருப்பாக மாற்றலாம். வாங்கிய சொத்து நகரத்தின் கையில் நிற்கும்.

‘மலிவு வீடு’ என்றால் ஏழைக்கு வீடு என்று நினைப்பது

அமெரிக்கக் கணக்கில் வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை அடங்கினால் அது கட்டுப்படியாகும் வீடு. சரி, யாருடைய வருமானம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தை (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் எண்) எடுத்துக்கொண்டு, அதில் 80 சதவீதம், 60 சதவீதம், 30 சதவீதம் என்று படிகள் வைப்பார்கள். பகுதி என்பது பெரும்பாலும் நகரம் மட்டுமில்லை, வசதியான புறநகர்களும் அதில் சேரும். அதனால் எண் உயர்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். இடைநிலை வருமானம் வருடத்துக்கு 1,00,000 டாலர் என்று வையுங்கள். 60 சதவீதப் படியில் 60,000. அதில் 30 சதவீதம் 18,000, அதாவது மாத வாடகை 1,500 டாலர். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் மத்திய அரசு தரும் துணை வருமானம் 2025இல் தனியாளுக்கு மாதம் அதிகபட்சம் 967 டாலர். அதை மட்டும் நம்பியிருப்பவரின் 30 சதவீதம் 290 டாலர்தான். இரண்டு எண்ணுக்கும் நடுவே 1,200 டாலர் பள்ளம், அதுவும் ஒவ்வொரு மாதமும். மலிவு வாடகை வீடுகளில் முதலீடு செய்வோருக்காக 1986இல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டப்படும் வீடுகளில் நிறைய இந்த 60 சதவீதப் படியைக் குறிவைப்பவை. அவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. கடை ஊழியருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் அவை தேவைதான். ஆனால் அவற்றைக் காட்டி வீடற்றோருக்குச் செய்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் வாடகை உதவியும் தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது.

அறிவிப்பில் வீடுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தப் படியில் எத்தனை என்ற அட்டவணையைத் தேடுங்கள். எத்தனை வருடத்துக்கு வாடகைக் கட்டுப்பாடு என்பதையும் பாருங்கள். அந்தக் கெடு முடிந்ததும் வீடு சந்தை வாடகைக்குப் போய்விடலாம்.

ஒரு வீட்டின் விலையைக் காட்டி எல்லாவற்றையும் முடிவு செய்வது

மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலஸ் திட்டத்தில், கட்டுமானத்தில் இருந்த வீடுகளின் சராசரிச் செலவு ஏறக்குறைய 5,97,000 டாலர் என்று நகரத் தணிக்கை அதிகாரி 2022இல் அறிக்கை கொடுத்தார். ஊரே கொதித்தது. கொதிக்க வேண்டிய எண்தான். ஆனால் அந்தத் தொகை முழுவதும் நகரத்தின் பணமில்லை. நகரம் ஒரு பங்கு போட்டது, மீதி மாநில நிதி, வரிச்சலுகை, வங்கிக் கடன். அந்தப் பக்கத்தில் ஒரு தப்பு என்றால் இந்தப் பக்கத்திலும் ஒன்று உண்டு. 120 கோடியை 10,000ஆல் வகுத்து, வீடு 1,20,000 டாலரில் முடிந்துவிடும் என்று வாக்கெடுப்பு சமயத்தில் நம்பியவர்களும் இருந்தார்கள்.

இத்தனை இடத்திலிருந்து பணம் சேர்ப்பதே விலையை ஏற்றுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு நிதிக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு விதி, ஒரு வக்கீல். எல்லாம் ஒப்புதல் ஆகும்வரை வாங்கிய நிலம் வட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

காப்பகத்தையும் வீட்டையும் ஒரே தலைப்பில் போடுவது

நியூயார்க்கில் 1979இல் தொடுத்த வழக்கு 1981இல் சமரசத் தீர்ப்பாக முடிந்ததிலிருந்து, படுக்க இடம் கேட்பவருக்கு நகரம் இடம் தந்தாக வேண்டும். அதனால் அங்கே பெரும்பாலானோர் கூரையின்கீழ் தூங்குகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பெரும்பாலானோர் வெளியே. இரண்டு நகரங்களின் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது திறமையான நகரம் என்று கேட்பது வீண். நியூயார்க்கின் பணம் ஒவ்வொரு இரவும் செலவாகி, மறு இரவு மறுபடி வேண்டும். சில நகரங்களில் கூடாரங்களை அகற்றும் செலவுகூட ‘வீடற்றோர் சேவை’ தலைப்பில் உட்கார்ந்திருக்கும், அதையும் பிரித்துப் பாருங்கள்.

உடனே ‘பின்லாந்தைப் பார்’ என்பார்கள். 2008இலிருந்து அங்கே காப்பகங்களைக் குடியிருப்புகளாக மாற்றி, நிபந்தனை போடாமல் முதலில் வீடு கொடுத்தார்கள். நீண்டகாலம் வீடற்றிருந்தோர் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஹெல்சிங்கியில் நகரத்தின் சொந்த நிலமும் சொந்த வாடகை வீடுகளும் ஏராளம். அது இல்லாத ஊரில் கொள்கையை மட்டும் இறக்குமதி செய்தால் கொடுப்பதற்கு வீடு இருக்காது. அந்த நாட்டிலேயே வாடகை உதவியில் வெட்டு விழுந்த 2024இல் எண்ணிக்கை மறுபடி கூடியிருக்கிறது.

எண்ணிக்கை ஏறினால் பணம் வீண் என்பது

2020இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் வெளியான கணக்கு இது: ஒரு நாளில் சராசரியாக 207 பேர் வீடற்ற நிலையிலிருந்து வெளியேறினார்கள், 227 பேர் புதிதாக அதில் விழுந்தார்கள். வெளியேறியவர்களுக்கான வேலை நடந்திருக்கிறது. மொத்தம் ஏறியதற்குக் காரணம் வாடகை உயர்வும், வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்ய வைப்பதும். ஆகவே மொத்த எண்ணிக்கையோடு உள்ளே வருவோர் எத்தனை, வெளியேறுவோர் எத்தனை, வீடு கிடைத்தவர்களில் ஒரு வருடம் கழித்தும் அதே வீட்டில் இருப்பவர்கள் எத்தனை என்று கேட்க வேண்டும். வாடகை பாக்கியில் நிற்கும் குடும்பத்தைத் தெருவுக்கு வராமல் தடுக்கும் நிதி இந்த இடத்தில்தான் பயன்படுகிறது.

எண்ணிக்கையே அரைகுறைதான் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்கா முழுக்க ஜனவரியில் ஒரு இரவு எண்ணுகிறார்கள். 2024இல் 7,71,480 பேர். உறவினர் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்ளும் குடும்பம் இதில் வராது. பள்ளிகள் எடுக்கும் கணக்கில் அந்தப் பிள்ளைகளும் சேர்வதால் மாணவர்கள் மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டுகிறார்கள்.

தணிக்கை அறிக்கையின் தலைப்பை மட்டும் படிப்பது

2024 ஏப்ரலில் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர், ஐந்து நிதியாண்டுகளில் செலவான சுமார் 2,400 கோடி டாலரின் விளைவுகளை மாநிலம் ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்றார். அது ‘2,400 கோடியைக் காணோம்’ என்று பரவியது. பணம் திருடுபோனதாக அறிக்கை சொல்லவில்லை. ஆராய்ந்த ஐந்து திட்டங்களில் இரண்டு செலவுக்கு ஏற்ற பலன் தருவதாகவே தெரிகிறது, மற்ற மூன்றை மதிப்பிடத் தரவே போதாது என்றது. தரவு போதாது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதற்கு மருந்து வேறு. தரவு சேகரிக்கவும் சரிபார்க்கவும் நாலு பேரை வேலைக்கு வைக்க வேண்டும். அந்தச் சம்பளம் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் வரும், பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.