பழைய ஸ்பீட்போட் வாங்கியாச்சா? எஞ்சினில் கை வைக்கும் முன்

பழைய ஸ்பீட்போட் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கத்தான் ஆசை வரும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எஞ்சின் நடுவழியில் நின்றால் இன்னொரு படகு இழுத்து வரும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அலையில் மோதும்போது உள்ளே உளுத்த மரம் விட்டுக்கொடுத்தால் இழுத்து வரப் படகே மிஞ்சாது.

டிரைவ் (ஸ்டெர்ன் டிரைவ், அதாவது எஞ்சின் விசையை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி) மாட்டியிருக்கும் பின்சுவர்தான் ட்ரான்சம். பல படகுகளில் அதன் ஃபைபர்கிளாஸுக்குள் பிளைவுட் இருக்கும். டிரைவுக்காக வெட்டிய ஓட்டை, வடிகால் துளை, ட்ரிம் டேப் (படகின் சாய்வைச் சரிசெய்யும் பின்தகடு) ஸ்க்ரூ ஆகிய இடங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் நெருக்க நெருக்கமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக விழும் இடத்தில் சந்தேகப்படுங்கள். அங்கே உள்பக்கத்திலிருந்து 5 மி.மீ. துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். காய்ந்து வெளிர் நிறத்தில் இருந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து ஈரமாக வந்தால் உளுத்துவிட்டது. வெளித்தோலைத் துளைத்துவிடாதீர்கள், பார்த்து முடித்ததும் துளையை எப்பாக்ஸியால் அடையுங்கள். படகின் அடியில் நீளவாக்கில் ஓடி எஞ்சினைத் தாங்கும் கட்டைகளான ஸ்டிரிங்கர்களையும் இதே போல் சோதியுங்கள். மவுண்ட் போல்ட்டை முறுக்க முறுக்க இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அடியில் பிடிமானமே இல்லை. ட்ரான்சமும் ஸ்டிரிங்கரும் சேர்ந்து போயிருந்தால், அபூர்வமான படகாக இருந்தால் ஒழிய, அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது.

இனி எஞ்சின். ஸ்டார்ட்டரைத் தொடும் முன் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிளக் துளையில் தண்ணீர் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் அதோடு சேர்ந்த ரைசரையும். உப்புத் தண்ணீரில் ஓடிய படகில் இவை உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். ஐந்தாறு வருடம்தான் நம்பலாம். பிறகு த்ராட்டிலை முழுக்கத் திறந்து, இக்னிஷனைத் துண்டித்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடியாக வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் பெரும்பாலும் அவற்றுக்கிடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். ஃபியூயல் ஹோஸ்களையும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எதிலும் கார் பாகத்தைப் போடவே போடாதீர்கள். படகுக்கானவற்றில் பொறி வெளியே போய்த் தீப்பற்றாதபடி மறைப்பு இருக்கும், கார் பாகத்தில் இருக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடியில்தான் தேங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான ப்ளோவரை ஓட்டுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) பார்க்க நன்றாக இருந்தாலும் புதிது போடுங்கள். கழற்றியதில் ஒரு ரப்பர் இதழ் குறைந்தால் அது எங்காவது கூலரில் அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் எஞ்சின் சூடேறும்.

ஸ்டெர்ன் டிரைவில் அவசரமே கூடாது. காற்று போகும் மேல் வென்ட் ஸ்க்ரூவைத் தொடாமல் ஆயில் வடிக்கும் கீழ் ஸ்க்ரூவை மட்டும் லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அதுதான் முதலில் சொட்டும், ஏனென்றால் நின்ற டிரைவில் அது அடியில் தங்கியிருக்கும். ஆயில் பால் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. கீழ் ஸ்க்ரூவில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம்தான். உலோகச் சில்லு இருந்தால் கியரைப் பிரிக்க வேண்டும். புது ஆயிலைக் கீழ்த்துளையிலிருந்து பம்ப் செய்து, மேலே வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

டிரைவைக் கழற்றியபின் டிரைவின் ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றுங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். ட்ரான்சத்தில் தண்ணீர் புகாமல் மூடும் மடிப்பு மடிப்பான பெல்லோஸ் ரப்பரை வயது தெரியாவிட்டால் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். அதன் மடிப்பில் ஒரு கீறல் போதும், கட்டிப்போட்ட படகே மூழ்கும். மீண்டும் மாட்டும் முன், எஞ்சினும் டிரைவும் நேராக இருக்கிறதா என்று காட்டும் அலைன்மென்ட் பாரில் கிரீஸ் தடவிச் செருகுங்கள். கிரீஸில் தடம் சுற்றிலும் சமமாகப் பதியாவிட்டால் எஞ்சினின் முன் மவுண்ட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். டிரைவின் வாலைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறு தளர்ச்சிதான் அதிவேகத்தில் படகைப் பக்கவாட்டில் ஆட்டமாக ஆட்டும்.

கரையில் ஓட்டும்போது டிரைவில் தண்ணீர் ஹோஸை மாட்டி, முதலில் குழாயைத் திறந்து, பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். 1500 ஆர்பிஎம் தாண்ட வேண்டாம். தண்ணீரில் இறக்கும்போது வடிகால் பிளக்கைப் பார்த்துவிட்டு, ட்ரெய்லரோடு கட்டியிருப்பதை அவிழ்க்காமல் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, உள்ளே கசிகிறதா பாருங்கள். முதல் ஓட்டம் பாதி வேகத்தில். திரும்பி வந்து போல்ட்டுகளை இறுக்கியபின் முழு த்ராட்டில் கொடுங்கள். இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் எட்டாவிட்டால் ப்ரொப்பெல்லரின் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தை, குறையுங்கள், தாண்டினால் கூட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும்.