லீவு நாளில் எழும்பூர் மியூசியம்: மூன்று சிலை போதும்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. நடுவில் திருவாதிரை, அப்புறம் புது வருஷம், அதைத் தாண்டினால் பொங்கல். "எங்கயாவது கூட்டிட்டுப் போம்மா" என்ற நச்சரிப்பு எங்கள் வீட்டில் இரண்டாம் நாளே ஆரம்பித்துவிடும். பீச்சும் மாலும் அலுத்துப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. ஒரே வளாகத்தில் பல கட்டிடங்கள். முதல் தடவை போனபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது கட்டிடத்தில் சின்னவன் தரையில் படுத்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் கணக்கு மூன்றே சிலை, இரண்டு மணி நேரம். டைனோசர் பொம்மையும் திமிங்கில எலும்புக்கூடும் கடைசிக்கு, லஞ்சமாக.

நாள் பார்ப்பது

வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு வார விடுமுறை. அரசு விடுமுறை நாளில் கிளம்புவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். காணும் பொங்கலன்று வேண்டவே வேண்டாம், ஊரே வெளியே கிளம்பும் நாள் அது. வார நாளில், காலையில் திறந்த கையோடு உள்ளே போய்விடுவது உத்தமம். பராமரிப்புக்காகச் சில கூடங்கள் மூடியிருக்கலாம். டிக்கெட் வாங்கும்போதே வெண்கலச் சிலைக் கூடமும், ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்கள் இருக்கும் அமராவதிக் கூடமும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். போட்டோ எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

படி 1: இரண்டு நாள் முன்பே, வீட்டில்

பண்டிகைக்கு எப்படியும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பீர்கள். தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று இருக்கும்போது, பிள்ளையை விளையாடிவிட்டு வந்த கையோடு ஒரு விரலை அதில் அழுத்தச் சொல்லுங்கள். துடைக்காமல் அப்படியே விடுங்கள். இரண்டொரு நாளில் அந்த இடம் கறுத்து, விரல் ரேகை தெரிய ஆரம்பிக்கும். கை வியர்வையில் உப்பு இருக்கிறது, அது செம்பை அரிக்கும். பித்தளையிலும் செம்பு, சிலை வார்க்கும் பஞ்சலோகத்திலும் பெரும்பங்கு செம்பு. "தொடாதே" என்று நூறு தடவை கத்துவதைவிட இந்த ஒரு ரேகை நன்றாக வேலை செய்கிறது.

படி 2: பை

கோடு போடாத நோட்டு, அடியில் வைத்துக்கொள்ள ஒரு பரீட்சை அட்டை, ஆளுக்கு இரண்டு பென்சில், ரப்பர், தண்ணீர் பாட்டில். பேனா, ஸ்கெட்ச் பென், வாட்டர் கலர் எதுவும் வேண்டாம், மை தெறித்தால் வம்பு. சாப்பாட்டை வெளியே வந்து மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். திருவாதிரையை ஒட்டிப் போவதாக இருந்தால் களியும் கூட்டும் கட்டி எடுத்துப் போங்கள். பார்க்கப் போவது நடராஜரை அல்லவா!

படி 3: நடராஜர், குடும்பத்தோடு

வெண்கலக் கூடத்தில் நடராஜர்கள் பலர். நேராகத் திருவாலங்காட்டு நடராஜரிடம் போங்கள், சோழர் காலத்தவர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தச் சிலையைப் போட்டோவில் மட்டும் பார்த்தே மயங்கி, 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். நேரில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். புராணத்தை அவிழ்த்தால் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், சிலையைப் பார்க்க மாட்டார்கள். "எத்தனை கை? எந்தக் கையில் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். உடுக்கை, நெருப்பு, "பயப்படாதே" என்று காட்டும் கை, மார்புக்குக் குறுக்கே யானைத் துதிக்கை மாதிரி நீளும் கை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு கண்ணாடிப் பெட்டிகளை விட்டுத் தள்ளி, முடிந்தால் வெளியே வந்து, நீங்களே நடராஜர் ஆகுங்கள். பெரிய பிள்ளை முன்னால் வலது காலில் நின்று இடது காலைத் தூக்கட்டும். அப்பா பின்னால் ஒட்டி நின்று உடுக்கைக் கையையும் நெருப்புக் கையையும் கொடுக்கட்டும். மொத்தம் நான்கு கை. காலடியில் கிடக்கும் முயலகன் வேஷத்துக்கு எங்கள் வீட்டில் அடிதடியே நடந்தது. எத்தனை விநாடி ஆடாமல் நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். பெரியவளால் பதினொன்றுக்கு மேல் முடியவில்லை. திரும்ப உள்ளே போய், சிலையின் ஊன்றிய முழங்கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே பார்த்தாள்.

இப்போது நோட்டை எடுக்கலாம். இந்த நடராஜருக்குச் சுற்றியிருக்க வேண்டிய திருவாசி என்ற நெருப்பு வளையம் இல்லை, எப்போதோ தொலைந்துபோனது. அதைப் பிள்ளைகள் வரைந்து கொடுக்கட்டும். எத்தனை தீக்கொழுந்து என்பது அவர்கள் இஷ்டம். வரையும்போதே மற்றச் சிலைகளின் பீடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள், பலவற்றில் துளையோ வளையமோ இருக்கும். கழி செருகி, கயிறு கட்டித் தோளில் தூக்குவதற்கானவை. இவர்கள் எல்லாம் திருவிழாவுக்கு வீதி வந்த உற்சவ மூர்த்திகள்.

படி 4: மடித்த தாள்

அதே வெண்கலக் கூடத்தில் அடுத்தது திருவெண்காட்டு அர்த்தநாரி, பாதி சிவன், பாதி அம்மன். தாளை நெடுக்காக நடுவில் மடித்து, வலப்பக்கச் சிவனை ஒரு பாதியிலும் இடப்பக்க அம்மனை மறு பாதியிலும் தனித்தனியே வரைய வேண்டும். விரித்தால் ஒரே உருவம். மடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராது, வரவும் கூடாது. கையை எண்ணச் சொல்லுங்கள். நாலு என்று அவசரமாக வரும் பதிலை ஏற்காதீர்கள். சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று, ஆக மூன்றுதான். "அப்ப அம்மாவுக்கு மட்டும் ஒரு கையா?" என்று கேட்டான் சின்னவன். வீட்டில் நிலைமை நேர்மாறு என்று சொல்லிவைத்தேன்.

படி 5: ஒரே யானை, இரண்டு தடவை

தெம்பு இருந்தால் மட்டும் அமராவதிக் கூடம். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய ஒரு வட்டச் சிற்பத்தைத் தேடுங்கள். புத்தர் மேல் ஏவிவிட்ட நளகிரி என்ற மத யானை ஒரு பக்கம் தெருவில் வெறிபிடித்து ஓடுகிறது, மறு பக்கம் அதே யானை புத்தர் முன்னால் மண்டியிடுகிறது. மாடியிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே வட்டத்துக்குள் முன்பும் பின்பும். காமிக்ஸ் படிக்கும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இங்கே வரையச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பார்த்ததை மனசில் ஏற்றிக்கொண்டு வெளியே போய், டைனோசர் கடனை அடைத்துவிடுங்கள்.

படி 6: பொங்கலன்று, சாப்பாட்டுத் தட்டு

தட்டைக் கவிழ்த்துத் தாளில் வட்டம் போடுங்கள். விதி ஒன்றுதான்: அன்று வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தின் முன்பும் பின்பும் அந்த வட்டத்துக்குள் வர வேண்டும், ஒரே ஆள் இரண்டு தடவை வர வேண்டும். நடுவில் கோடு போட்டுப் பிரிக்கக் கூடாது, யானைச் சிற்பத்திலும் கோடு இல்லை. மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடித்தது, கரும்பு கடித்துப் பல் விழுந்தது, எதுவானாலும் சரி.

போன பொங்கலுக்குப் பெரியவள் வரைந்தது இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. இடப்பக்கம் பானை பொங்குகிறது, பாட்டி இரண்டு கையையும் தூக்கிக் குலவையிடுகிறார். வலப்பக்கம் பால் வழிந்து அணைந்த அடுப்பு, அதே பாட்டி, கையில் தீப்பெட்டி. மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பது எதிர்வீட்டு மாமியாம்.