ஜன்னல் கண்ணாடி: நாமே துடைக்கலாமா, ஆள் வைக்கலாமா?

எவ்வளவு துடைத்தாலும் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு போகவில்லையா? சேலத்தில் பல வீடுகளில் அது தூசி இல்லை, போர் தண்ணீரின் உப்பு. காசு கொடுத்து ஆள் வைத்தாலும் அதே தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் திரும்பத் தெரியும். குடிக்கப் பிடிக்கும் மேட்டூர் தண்ணீரில் அரை பக்கெட் ஒதுக்கி வையுங்கள்.

வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துத் திட்டின் மேல் 10 நிமிடம் ஒட்டிவிடுங்கள். உப்பு இளகி, விரலால் தடவினாலே மாவு மாதிரி வரும். மார்பிள் திண்டில் மட்டும் சொட்டக் கூடாது, அரித்துவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் துடைத்து, கசக்கிய பழைய பேப்பரால் தேய்த்தால் பளிச். வெயில் விழும் நேரம் வேண்டாம், சட்டென்று காய்ந்து கோடு கோடாக நிற்கும். எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலைக் காலை 7 மணிக்கே முடித்துவிடுவோம்.

மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் ஆள் கூப்பிடுங்கள். சன்ஷேடில் இறங்கி நிற்பது தயவுசெய்து வேண்டாம். பெல்ட், கயிறு வைத்திருக்கிறாரா என்று கேட்டு, கூலியை ஜன்னல் கணக்கில் முன்பே பேசி, அந்த அரை பக்கெட் தண்ணீரை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.