பெங்களூரில் தனியாக இருக்கிறீர்களா? ஞாயிறு மதியத்துக்கு ஒரு குறிப்பு

வேலை நாள் எப்படியோ ஓடிவிடும், ஞாயிறு மதியம்தான் கஷ்டம். பிஜி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பார்சல் பிரியாணியைப் பாதி தின்றுவிட்டு, மொபைலைத் தள்ளிக்கொண்டே கிடந்தால் சாயங்காலம் மனசு இன்னும் கனத்துப்போகும். மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருக்காதீர்கள், பிடிக்காவிட்டாலும் முதலில் கிளம்புங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இது ஒரு முறை. அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, திறந்திருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். எங்கே போனாலும் வாராவாரம் அதே இடம், அதே நேரம். அப்போதுதான் முகம் பழகும், "என்ன, போன வாரம் காணோமே?" என்று கேட்க ஒருவர் கிடைப்பார்.

அப்புறம், தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் 2 வாரம் தொடர்ந்தால் அது வெறும் தனிமை இல்லை, டாக்டரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், பக்கத்து அறைக்காரரை எழுப்பியாவது கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.