எல்இடி பல்பு போட்டால் ரேடியோ இரைகிறதா?

ராத்திரி லைட்டைப் போட்டதும் மத்திய அலையில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 'ர்ர்ர்' என்ற இரைச்சலில் அமுங்கிப் போகிறதா? ரேடியோவைக் கழற்ற வேண்டாம். கோளாறு பல்புக்குள் எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன சர்க்யூட்டில், அதாவது டிரைவரில். அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வெட்டும் வேகத்தின் மடங்குகளிலும் இரைச்சல் கிளம்பும்: 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் 12-வது மடங்கு சரியாக 720-ல் வந்து விழும். இதை அடக்கும் ஃபில்டரில்தான் மலிவு பல்புக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். பிறகென்ன, வீட்டு வயரிங் மொத்தமும் ஏரியல்தான்.

முதலில் எந்த பல்பு என்று பிடிக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவை இரைச்சல் கேட்கும் இடத்தில் வைத்து மெயினை அணையுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: மெயின் போனதும் இன்வர்ட்டர் லைன் பல்புகள் எரிந்துகொண்டே இருக்கும், இன்வர்ட்டரும் தன் பங்குக்கு இரையும். அதையும் அணையுங்கள். அப்புறமும் இரைந்தால் சத்தம் வெளியிலிருந்து வருகிறது. நின்றுவிட்டால், எல்லா சுவிட்சையும் அணைத்து மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். சார்ஜர், டிம்மர் எதையும் விடாதீர்கள்.

செலவில்லாத வைத்தியம்: ரேடியோவை விளக்கிலிருந்தும் சுவரில் ஓடும் வயரிலிருந்தும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து, மெல்லத் திருப்புங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) கம்பி திசை பார்க்கும். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். அடாப்டரை விட்டு பேட்டரிக்கு மாறினால் இன்னும் நல்லது.

டிரைவர் தனியாக வரும் பேனல் லைட்டுக்கு ஃபெரைட் வளையம் உதவும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே 10 முதல் 14 சுற்று, டிரைவரை ஒட்டிச் சுற்ற வேண்டும். ஒரே வயரைச் சுற்றினால் விளக்கின் மின்னோட்டத்திலேயே வளையம் திணறிவிடும். வயரில் மாட்டும் கிளிப் ஃபெரைட் ஒன்றை மாட்டிவிட்டு பலனில்லை என்பார்கள். வயர் ஒரே ஒரு முறை நுழைந்தால் மத்திய அலையில் அது எடுபடாது. தடுப்பு சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும்: 10 சுற்று என்றால் 100 மடங்கு. டிரைவரின் மறுபக்கம் எல்இடிக்குப் போகும் வயரும் இரையும், அதற்கும் ஒரு வளையம். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

சாதாரண பல்பில் இதெல்லாம் முடியாது, மாற்றத்தான் வேண்டும். அட்டையில் உள்ள ஐஎஸ் 16102 பகுதி 1 பாதுகாப்புக்கான தரம்; அதை நம்பி இரையாது என்று வாங்காதீர்கள். சின்ன டிரான்சிஸ்டரைக் கடைக்கே கொண்டுபோய், நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, எரியும் பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேளுங்கள்.